மொட்டை மாடி எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தியபோது ஆய்வகக் கட்டடத்தில் காற்று சென்ற வழிகள்

நான் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்தில், இரண்டு மாடிகளில் உள்ள பத்து ஃபியூம் ஹூட்களின் (நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும், முன்னால் கண்ணாடிக் கதவுள்ள வேலைப் பெட்டிகள்) டக்ட்களும் மொட்டை மாடியில், பிளீனம் என்று நாங்கள் சொல்லும் ஒரே பெட்டியில் வந்து சேர்கின்றன. அந்தப் பெட்டியிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ள இரண்டு சென்ட்ரிஃபியூகல் ஃபேன்கள் இருக்கின்றன. ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பையாக நிற்கும். ஓடிக்கொண்டிருந்த முதல் ஃபேனின் புல்லிப் பக்கத்துப் பேரிங்கில் சத்தம் கூடியிருந்தது. பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக்கில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. கிரீஸ் கறுத்து வழிந்திருந்தது. அந்த ஃபேனை நிறுத்திப் பேரிங், புல்லி, பெல்ட் அனைத்தையும் மாற்றிய வேலையின் பதிவு இது. பேரிங் மாற்றுவது எந்த ஃபிட்டருக்கும் கைவந்த வேலைதான். ஆனால் ஆய்வகக் கட்டடத்தில் ஒரு ஃபேனை நிறுத்தினால் காற்று நின்றுவிடுவதில்லை; அது வேறு வழி பிடித்துக்கொள்கிறது, பல நேரங்களில் வந்த வழியிலேயே திரும்பி வருகிறது. எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது அந்த வழிகளைக் கண்டுபிடித்து அடைப்பதற்குத்தான்.

காற்றின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1.5 மீட்டர் அகலத் திறப்புள்ள ஹூட்டின் கண்ணாடிக் கதவை 45 சென்டிமீட்டர் உயர்த்தி, அதன் முகப்பில் நொடிக்கு 0.5 மீட்டர் வேகம் வேண்டுமென்றால், மணிக்கு ஏறத்தாழ 1,215 கனமீட்டர் காற்றை இழுக்க வேண்டும். முகப்பு வேகம் நொடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அப்படிப்பட்ட இரண்டு ஹூட்கள், 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 3.5 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் ஆய்வகத்தில் இருந்தால், அறைக் காற்று முழுவதும் 7 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். பத்து ஹூட்களுக்கும் சேர்த்து மணிக்கு 12,000 கனமீட்டருக்கு மேல் வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஏ.எச்.யூ. (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்) குளிரூட்டிய வெளிக்காற்றை உள்ளே அனுப்புகிறது. அது அனுப்புவது வெளியேறுவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்படி வைத்திருப்பதால், தாழ்வாரக் காற்று எப்போதும் ஆய்வகத்துக்குள் நுழையும். ஆய்வகக் காற்று தாழ்வாரத்துக்கு வராது. கட்டடத்தின் பாதுகாப்பு இந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஷட்டவுன் தேதியைக் குறிப்பதற்கு முன்பு, ஒவ்வோர் ஆய்வகமாகச் சென்று அந்தக் காற்றை நம்பி என்னென்ன இருக்கின்றன என்று எழுதினோம். ஹூட்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆசிட் பாட்டில்கள் வைக்கும் அலமாரிகளின் பின்புறத்திலிருந்து ஹூட் டக்ட்டுக்குப் போகும் சிறு குழாய்களும், உலோகப் பகுப்பாய்வுக் கருவியின் சுடருக்கு மேலே தொங்கும் கூம்பு ஹூட்டும், குளோவ் பாக்ஸ் பம்ப்பின் புகைக்குழாயும் எங்கள் வரைபடத்தில் இல்லாதவை. இவையெல்லாம் பின்னாளில் அவரவர் தேவைக்கு ஏற்பச் சேர்த்தவை. வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால், ஷட்டவுன் அன்று ஆசிட் அலமாரியின் ஆவி எந்த அறைக்குப் போகும் என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த விசாரணையில் அதிகம் உதவியவர் பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கும் ஆய்வக உதவியாளர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாவது மாடியின் கடைசி ஹூட்டைக் காட்டி, "இதுல முன்னாடி மண் சாம்பிள் கரைப்பாங்க சார், பெர்குளோரிக் ஆசிட்தான் ஊத்துவாங்க" என்று அவர் சொன்னதும் வேலையின் திட்டமே மாறியது. பெர்குளோரிக் அமிலத்தைச் சூடாக்கினால் அதன் ஆவி டக்ட்டின் உட்சுவரிலும் ஃபேனின் இம்பெல்லரிலும் (சுழலும் இறக்கைச் சக்கரம்) படிந்து, காய்ந்ததும் பெர்குளோரேட் உப்பாக நிற்கும். அந்தப் படிவு உராய்வாலும் சுத்தியல் அடியாலும் வெடிக்கக்கூடியது. அதற்கென்று உள்ளே தண்ணீர் தெளித்துக் கழுவும் வசதியுள்ள தனி ஹூட் வேண்டும். எங்கள் ஹூட்டில் அது கிடையாது. ஆகவே ஃபேனின் இன்ஸ்பெக்‌ஷன் கதவுக்கு அருகிலும் டக்ட் துண்டுகள் போல்ட்டால் இணையும் ஃபிளாஞ்சுகளிலும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்த நீரை, வேதியியல் துறையினர் மெத்திலீன் நீலக் கரைசலில் சோதித்தார்கள். பெர்குளோரேட் இருந்தால் ஊதா நிற வீழ்படிவு வரும். வரவில்லை. இருந்தாலும், உட்பகுதியை நன்றாக நனைத்த பிறகே ஸ்பேனர் போட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பழைய கட்டடத்தில் டக்ட்டைக் கழற்றப் போகும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போல்ட்டில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது வெயில். அக்னி நட்சத்திரக் காலத்தில் ஏ.எச்.யூ. நின்றால் மேல்மாடி அறைகளின் வெப்பநிலை சில மணி நேரத்தில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டைஎதில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை 39.6 டிகிரி. குளிர் நாடுகளில் ஃபேன் நின்றால் ஈதர் பாட்டில் மூடியபடி அமைதியாக இருக்கும். நம் ஊரில் அதே பாட்டிலின் மூடிக்குள் அழுத்தம் ஏறி நிற்கும், திறந்தவுடன் சீறும். ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேசையிலிருந்து இறங்கித் தரையோடு பரவி, தொலைவில் உள்ள ஹீட்டரையோ சுவிட்சையோ சென்றடையக்கூடியது. அதனால் குறைந்த கொதிநிலைக் கரைப்பான்கள் எல்லாவற்றையும், தனி மின்சார இணைப்பும் தனிக் காற்றோட்டமும் உள்ள கீழ்த்தளக் கிடங்குக்கு முந்தைய நாளே மாற்றச் சொன்னோம். வேலையையே கோடை முடியும் வரை தள்ளிப்போடலாமா என்றும் யோசித்தோம். பேரிங் அதுவரை தாங்கியிருக்காது. அது ஓடும்போதே இறுகி, முன்னறிவிப்பில்லாமல் ஃபேன் நிற்பதைவிட, நாங்கள் தேதி குறித்து நிறுத்துவது எத்தனையோ மடங்கு மேல்.

திரவ நைட்ரஜன் அறையைத் தனியாகக் கவனித்தோம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகிறது. எங்கள் அறையின் கன அளவு 48 கனமீட்டர்; 20 லிட்டர் சிந்தினால் 14 கனமீட்டர் நைட்ரஜன் அந்த அறையில் நிறைந்து, ஆக்ஸிஜன் 19.5 விழுக்காடு என்ற எச்சரிக்கை அளவுக்கு வெகு கீழே போய்விடும். நைட்ரஜனுக்கு வாடை இல்லை, இருமலும் வராது. ஷட்டவுன் முடியும் வரை அந்த அறையைப் பூட்டி, சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

தேதி விஷயத்தில் முதலில் ஒரு யோசனை வந்தது. மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் எப்படியும் ஆய்வகங்களில் வேலை குறைவாக இருக்கும்; அன்றே ஷட்டவுனை வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று கட்டடம் ஜெனரேட்டரில் ஓடும். ஜெனரேட்டரிலிருந்து எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மட்டுமே மின்சாரம் வரும், ஏ.எச்.யூ.வுக்கு வராது. ஸ்டாண்ட்பை ஃபேனை அந்த நிலையில் சோதித்தால் கிடைக்கும் அளவுகள் எதற்கும் பயன்படாது. ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. அதற்கும் ஒரு முனைவர் பட்ட மாணவி வந்து, "சார், என்னோட ரியாக்‌ஷன் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் ரிஃப்ளக்ஸ்ல இருக்கணும், நடுவுல நிறுத்தினா எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும்" என்றார். அது நியாயமான கோரிக்கை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம்.

ஃபேனைக் கழற்றுவதற்கு முந்தைய வாரம், ஸ்டாண்ட்பை ஃபேன் மட்டுமே சுமையைத் தாங்குகிறதா என்று ஓர் ஒத்திகை பார்த்தோம். முதல் ஃபேனை நிறுத்தி இரண்டாவதை ஓட்டியதும், பேனலில் ஆம்பியர் சரியாகவே காட்டியது. மோட்டார் சத்தமும் சரியாக இருந்தது. கீழே ஹூட்களில் மட்டும் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் நொடிக்கு 0.3 மீட்டரைத் தாண்டவில்லை. மாடிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, நிறுத்திய முதல் ஃபேனின் புல்லி தானாகச் சுழன்றுகொண்டிருந்தது, அதுவும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில். ஏணி வைத்து ஏறி அந்த ஃபேனின் ஸ்டாக் (காற்று வெளியேறும் புகைபோக்கிக் குழாய்) வாயருகே ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தேன். அது உள்நோக்கி மடிந்து, விரலிலிருந்து உருவிக்கொண்டு குழாய்க்குள் போய்விட்டது. இரண்டாவது ஃபேன் ஹூட்களிலிருந்து இழுக்க வேண்டிய காற்றில் பெரும் பங்கை, நின்றிருந்த பக்கத்து ஃபேனின் வழியாக ஆகாயத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அது எளிதான வழி.

குற்றம் ஐசோலேஷன் டேம்பரில் இருந்தது. ஃபேன் நின்றவுடன் டேம்பரின் தகடுகள் மூடி, பிளீனத்திலிருந்து அந்த ஃபேனைப் பிரித்துவிட வேண்டும். வெளியே தெரியும் கைப்பிடியும், தண்டைத் திருப்பும் ஆக்சுவேட்டரும் மூடிய நிலைக்குத் திரும்பியிருந்தன. கட்டுப்பாட்டுப் பலகையிலும் மூடிவிட்டதாகவே விளக்கு எரிந்தது. உள்ளே பார்த்தால், ஆசிட் ஆவியில் அரித்துப்போன தகடுகளில் இரண்டு, அவற்றைத் தாங்கும் தண்டிலிருந்து விடுபட்டுத் திறந்தபடியே தொங்கின. ஆக்சுவேட்டரில் இருக்கும் லிமிட் சுவிட்ச், தகடு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தண்டு எவ்வளவு திரும்பியது என்பதை மட்டுமே சொல்கிறது. ஸ்டாண்ட்பை ஃபேன் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட கட்டடங்களில் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தால் போதாது. ஹூட்டின் முகப்பில் அளக்க வேண்டும்.

எதிர்த்திசையில் சுழலும் ஃபேன் ஃபிட்டருக்கும் ஆபத்து. பிரேக்கரை இறக்கி, ஐசோலேட்டரைப் பூட்டி, ஆளுக்கொரு பூட்டும் பெயர் அட்டையும் மாட்டினாலும், காற்றே இம்பெல்லரைச் சுற்றும்போது பெல்ட்டில் வைத்த விரல் போய்விடும். ஆகவே புல்லியை மரக்கட்டை கொடுத்துக் கட்டிய பிறகே யாரும் கை வைக்கலாம் என்று விதித்தோம். பேரிங் வேலை முழுவதும் இரண்டாவது ஃபேன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், பிளீனத்துக்கும் முதல் ஃபேனுக்கும் இடையில் உள்ள ஃபிளாஞ்சைப் பிரித்து, 6 மி.மீ. பாலிபுரொப்பிலீன் ஷீட்டை ரப்பர் கேஸ்கெட்டோடு செருகி அடைப்பது என்று முடிவெடுத்தோம். அந்த ஷீட்டைச் செருகுவதற்கும், வேலை முடிந்து எடுப்பதற்கும் மட்டும் இரண்டு ஃபேன்களும் நிற்க வேண்டும். முழு ஷட்டவுன் என்பது இந்த இரண்டு சிறு இடைவெளிகள்தான்.

முழு ஷட்டவுனில் நிறுத்தும் வரிசை முக்கியம். ஏ.எச்.யூ. முதலில், எக்ஸாஸ்ட் பிறகு. மாற்றிச் செய்தால், வெளியேற வழியில்லாமல் உள்ளே வரும் காற்று ஆய்வகத்தை நிரப்பி, ஹூட்டில் இருப்பதையும் சேர்த்துக் கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்துக்குத் தள்ளும். திரும்ப ஓட்டும்போது எக்ஸாஸ்ட் முதலில், ஏ.எச்.யூ. பிறகு. பேனலில் இந்த வரிசை மாறாமல் தடுக்கும் இன்டர்லாக் இருக்கிறது. ஆனால் பராமரிப்புக்காக மேனுவலில் போட்டவுடன் அது விலகிவிடுகிறது. எனவே வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பேனல் கதவில் ஒட்டினோம்.

இரண்டு ஃபேன்களும் நின்றபோது, ஹூட்களின் கண்ணாடிக் கதவுகளில் சிறு இடைவெளி விட்டு, அதில் ஒட்டித் தொங்கவிட்ட டிஷ்யூக் கீற்றுகளைப் பார்த்துக்கொண்டு நான் தாழ்வாரம் வழியாக நடந்தேன். அவை நேராகத் தொங்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிழக்குப் பக்க ஆய்வகங்களில் அவை அறையை நோக்கி வெளியே படபடத்தன. அதே மாடியில், தனித்தனி புளோயர் வைத்த பழைய ஹூட்கள் மூன்று இருக்கின்றன. அவை பிளீனத்தோடு சேராதவை, ஓடிக்கொண்டே இருந்தன. அவை இழுக்கும் காற்றுக்கு ஏ.எச்.யூ.விலிருந்து ஈடு வராததால், மொட்டை மாடி ஸ்டாக் வழியாக இறங்கி, பிளீனத்தில் புகுந்து, நிறுத்திய ஹூட்களின் வழியாக அறைக்குள் வந்தது காற்று. டக்ட்டில் ஆண்டுக்கணக்கில் படிந்த தூசியும், ஹூட்டுக்குள் யாராவது விட்டுவைத்திருக்கக்கூடிய பாட்டிலின் ஆவியும் அந்தக் காற்றோடு வரும். மேற்குப் பக்கத்தில் இன்னொன்றைப் பார்த்தோம்: முதல் மாடியின் ஒரு ஹூட்டில் கீற்று உள்நோக்கியும், அதற்கு நேர் மேலே இரண்டாம் மாடி ஹூட்டில் வெளிநோக்கியும் மடிந்திருந்தன. பொது டக்ட் என்பது ஃபேன் ஓடும் வரை வெளியேறும் வழி. நின்றுவிட்டால் அது ஓர் ஆய்வகத்தை மற்றோர் ஆய்வகத்தோடு இணைக்கும் குழாய். கீழ் அறையில் திறந்து வைத்த அமிலத்தை மேல் அறையில் இருப்பவர் சுவாசிக்க நேரும்.

உடனே பழைய புளோயர்களையும் நிறுத்தினோம். கண்ணாடிக் கதவுகள் அனைத்தையும் முழுவதும் இறக்கி, அடி இடுக்கில் டேப் ஒட்டினோம். கீற்றுகள் அடங்கின. ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். காற்று வீசும் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ஆய்வகக் காற்று தாழ்வாரத்துக்கும் படிக்கட்டுக்கும் தள்ளப்படும் என்பதால் நான் வேண்டாமென்றேன். புகை விட்டுப் பார்க்க ஊதுபத்தி கொளுத்தலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை; கரைப்பான் இருக்கும் இடத்தில் நெருப்புக்கு இடமில்லை. கோப்பை வெந்நீரில் ஒரு துண்டு டிரை ஐஸ் போட்டால் எழும் வெண்மூட்டமே போதும்.

ஷீட்டைச் செருகி இரண்டாவது ஃபேனை ஓட்டியதும் ஹூட் முகப்பில் வேகம் 0.48 மீட்டருக்கு ஏறியது. அதன் பிறகு பேரிங் வேலையை அவசரமில்லாமல் செய்ய முடிந்தது. மாடியில் வேலை பார்ப்பவர்கள் ஓடும் ஃபேனின் ஸ்டாக்குக்கு அருகிலேயே நிற்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஸ்டாக் கூரைக்கு மேல் குறைந்தது 3 மீட்டர் உயரமும், அதன் வாயில் காற்று நொடிக்கு 15 மீட்டர் வேகமும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வகக் காற்றோட்டத் தரநிலை சொல்வது, வெளியேறும் காற்று கூரையிலேயே திரும்பிப் படியாமல் இருப்பதற்காகத்தான். எங்கள் ஸ்டாக் உயரம் அதற்குச் சரியாக இருந்தது. இருந்தாலும், மாடியில் ஆள் இருக்கும் வரை ஹூட்களில் அமிலம் காய்ச்சக் கூடாது என்று கீழே அறிவித்திருந்தோம்.

ஃபேன் கூட்டின் உட்புறத்தைச் சோடியம் பைகார்பனேட் கரைசலால் துடைத்து, பி.எச். தாளில் நடுநிலை காட்டிய பிறகே வேலை தொடங்கியது. பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்தபோது, உள் வளையம் ஷாஃப்ட்டில் வழுக்கிச் சுழன்றதற்கான நீல நிறத் தடம் தெரிந்தது. மைக்ரோமீட்டரில் ஷாஃப்ட்டின் விட்டம் தேய்மானம் இல்லாமல் இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம். புது பேரிங்கில் கிரீஸை அளவாகத்தான் வைத்தோம். இடமெல்லாம் அடைத்துத் திணித்த கிரீஸ்தான் பல பேரிங்குகளைச் சூடாக்கிக் கொல்கிறது. இரண்டு புல்லிகளின் முகத்திலும் நூல் பிடித்து, நான்கு இடங்களிலும் நூல் தொடும்படி மோட்டாரை நகர்த்தினோம். பெல்ட்களை ஒரே செட்டாக வாங்கினோம். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று கலந்தால் சுமை முழுவதையும் புதியதே தாங்கும். புல்லிகளுக்கு இடையே ஒரு மீட்டர் தூரம் இருந்தால் நடுவில் அழுத்தும்போது பெல்ட் 16 மி.மீ. இறங்கலாம் என்ற கணக்கில் இழுவையை வைத்து, மறுநாள் மீண்டும் இறுக்கினோம்.

மோட்டார் இணைப்பைத் திரும்பக் கொடுத்த பிறகு ஒரு நொடி மட்டும் ஓட்டி, சுழலும் திசையை அம்புக்குறியோடு ஒப்பிட்டோம். மூன்று ஃபேஸில் இரண்டு மாறிவிட்டால் சென்ட்ரிஃபியூகல் ஃபேன் எதிர்த்திசையில் சுழலும். ஆனால் காற்றை அதே ஸ்டாக் வழியாகத்தான், குறைவாக, வெளியே தள்ளும். ஸ்டாக்கில் கை வைத்துப் பார்த்துக் காற்று வருகிறது என்று திருப்தி அடைந்து இறங்கிவிட்டால், ஹூட்கள் மாதக்கணக்கில் பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஃபேனையும் ஏ.எச்.யூ.வையும் ஓட்டி, ஒவ்வொரு ஹூட்டின் முகப்பையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அளந்தோம். ஒன்பது ஹூட்கள் 0.47 முதல் 0.54 மீட்டருக்குள் இருந்தன. மீதி ஒன்றில் சராசரி சரியாக இருந்தும் இடது ஓரத்தில் டிரை ஐஸ் மூட்டம் வெளியே சுருண்டது, ஏ.சி. காற்று வரும் கூரை டிஃப்யூசர் அந்த ஹூட்டின் முகத்துக்கு நேராக வீசிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கத் தடுப்புகளைத் திருப்பியதும் சரியானது. இது ஷட்டவுனோடு தொடர்பில்லாத, ஆனால் ஷட்டவுன் இல்லாவிட்டால் யாரும் அளந்து பார்த்திருக்காத குறை.

ஜெனரேட்டர் விஷயத்தையும் இதோடு முடித்தோம். மின்தடையில் ஏ.எச்.யூ. நின்று எக்ஸாஸ்ட் மட்டும் முழு வேகத்தில் ஓடும்போது, ஆய்வகக் கதவில் வைத்த மேக்னஹெலிக் கேஜ் 60 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் காட்டியது. 2 சதுர மீட்டர் கதவில் அது 120 நியூட்டன் விசை. வெளிநோக்கித் திறக்கும் கதவின் கைப்பிடியில் 6 கிலோ சுமைக்கு ஈடு, அதோடு டோர் குளோசரின் விசையும் சேரும். இருட்டில், பதற்றத்தில் ஒருவர் கதவு பூட்டிக்கொண்டதாகவே நினைப்பார். ஜெனரேட்டர் வந்தவுடன், மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. 50 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்படி அமைத்தோம். காற்றின் அளவு 80 விழுக்காடாகிறது, மோட்டார் எடுக்கும் மின்திறன் ஏறத்தாழ பாதியாகிறது, கதவு ஒரு கையால் திறக்கிறது. அந்நேரத்தில் கண்ணாடிக் கதவுகளை இறக்கி வைப்பது கட்டாயம் என்று ஹூட் ஒவ்வொன்றிலும் தமிழில் அட்டை ஒட்டியிருக்கிறோம்.

டேம்பருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிய தகடுகளும் தண்டும் செய்யக் கொடுத்திருக்கிறது. அவை வரும் வரை இரண்டாவது ஃபேன்தான் ஓடுகிறது. பாலிபுரொப்பிலீன் ஷீட் ஃபிளாஞ்சிலேயே இருக்கிறது, அதை எடுக்காமல் முதல் ஃபேனை யாரும் ஓட்டிவிடாதபடி அதன் ஐசோலேட்டரில் என் பூட்டும் தொங்குகிறது. மாதாந்திரப் பட்டியலில், ஒவ்வொரு ஃபேனையும் மாற்றி ஓட்டி மாடிக்கு ஒரு ஹூட்டின் முகப்பு வேகத்தை அளந்து எழுத வேண்டும் என்ற வரியைச் சேர்த்திருக்கிறேன். இரண்டாவது ஃபேனின் டேம்பரையும் உள்ளே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் அதே ஆண்டில் பொருத்தி, அதே ஆவியில் இருந்ததுதான்.